இல்லாமல் இருப்பதில் கெட்டிக்காரன்

ஹர்க்க பகதூர் புன் என்பவனைப் பற்றி எழுதப் புகுமுன் அவன் எங்கே குடியிருந்தான் என்று சொல்லிவிடுவது முறை. காகிதத்தின்படி அவன் இந்த நகரத்துக்கு வடக்கே நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கைப்பந்து மைதானமும் குளிரூட்டிய சாப்பாட்டுக் கூடமும் கொண்ட எங்கள் கம்பெனியின் இரண்டாம் எண் கேம்பில் குடியிருந்தான். அந்த இடத்தை நான் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரு கம்பிவேலி, ஒரு பெயர்ப்பலகை, வேலிக்குள் இரண்டு ஒட்டகங்கள். நெரிசல் என்று யாரும் குறை சொல்ல முடியாது.

உண்மையில் அவன் படுத்தது என் பொறுப்பில் இருந்த முதலாம் எண் கேம்பில், பதினான்காம் அறையில், கதவோரத்து மடக்குக் கட்டிலில். ஓர் அறைக்கு ஆறு பேர் என்பது சட்டம். பதினான்காம் அறையில் பத்துப் பேர் என்பது நிலவரம். சட்டத்துக்கும் நிலவரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட நான்கு பேரில் ஒருவன் ஹர்க்கா. இப்படிப்பட்டவர்களை நாங்கள் 'எக்ஸ்ட்ரா' என்போம்.

நகரத்தின் பெயரை எழுத மாட்டேன். என் பாஸ்போர்ட் இன்னும் கம்பெனி அலமாரியில்தான் இருக்கிறது. என் பெயர் நைனா முகமது. கீழக்கரைப் பக்கம். இருபத்திரண்டு வருடமாகக் கேம்ப் பாஸ். பாஸ் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கழிப்பறைக் குழாய் ஒழுகினால் முந்நூறு பேர் என்னைத் தேடுவார்கள். என் அதிகாரம் அவ்வளவுதான்.

கோடையில் மதியம் பதினொன்றரை முதல் மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அரசாங்கம் கருணையோடு தடை போட்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஆட்கள் அறைக்குத் திரும்பிப் படுத்திருப்பார்கள். ஒழுங்காகப் படுத்திருக்கிறார்களா என்று பார்க்க அதே நேரத்தில் நீல மேலங்கி போட்ட இன்ஸ்பெக்டர்கள் வருவார்கள். வாசல் காவலாளி என் போனுக்கு ஒரு மணி கொடுப்பான். நான் சாவிக்கொத்தை எடுத்து வராந்தாவின் இரும்புக் கைப்பிடியில் மூன்று தட்டுத் தட்டுவேன். டங், டங், டங். கேம்பில் உள்ள எக்ஸ்ட்ராக்கள் நாற்பத்து மூன்று பேரும் தலையணை, தட்டு, செருப்பு, பல்துலக்கி சகலத்தையும் சுருட்டிக்கொண்டு பின்கதவு வழியாகப் பஸ்ஸில் ஏறிவிட வேண்டும். டிரைவர் குல் ஜமான், பெஷாவர்க்காரர், நாங்கள் கான் சாப் என்று கூப்பிடுபவர், வண்டியைச் சுற்றுச்சாலையில் விடுவார். ஒரு சுற்றுக்கு முப்பத்தைந்து நிமிடம். நான் மிஸ்டு கால் கொடுக்கும் வரை சுற்றிக்கொண்டே இருப்பார். பஸ்ஸில் ஏசி கிடையாது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஏசி உண்டு, ஓடாது. ஆனாலும் மதிய வேலைத் தடையை நாங்கள் ஒருநாளும் மீறியதில்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது வேலையல்லவே.

ஹர்க்கா இதில் கைதேர்ந்தவன். மூன்றாவது தட்டின் ஓசை அடங்குமுன் அவன் கட்டில் மடங்கி அலமாரிக்குப் பின்னால் போயிருக்கும். தரையில் கட்டில்கால் பதிந்த நான்கு வட்டங்களையும் ஈரத்துணியால் துடைத்திருப்பான். அவன் மகள் படம் இருந்த இடத்தில் காலண்டர் தொங்கும். தண்ணீர் டம்ளர் வைத்த ஈர வளையத்தைக்கூட விட்டுவைக்க மாட்டான். ஒன்பது வருடத்தில் அவன் இருந்த தடயம் எந்த அதிகாரியின் கண்ணிலும் பட்டதில்லை. இருப்பதில் கெட்டிக்காரர்கள் உலகத்தில் நிறைய உண்டு. இல்லாமல் இருப்பதில் அவனைப் போல் ஒருவனை நான் பார்த்ததில்லை.

அதே அறையில் சட்டபூர்வமாக வசித்தவன் மொத்தாலிப். கொமில்லாக்காரன், பூச்சு வேலை. வாய் நீளம்.

"டேய் எக்ஸ்ட்ரா, குறட்டைய நிறுத்துடா. நான் விடறது சட்டப்படி குறட்டை. நீ விட்டா செல்லாது."

"நான் விடலண்ணே. இரண்டாம் கேம்புல எவனோ விடறான். இங்க வரைக்கும் கேக்குது" என்பான் ஹர்க்கா, கண்ணைத் திறக்காமலே.

அவன் வந்த கதை எல்லோரும் வந்த கதைதான். நேபாளத்தில் மியாக்தி மலையில் வீடு. பஸ் நிற்கும் இடத்துக்கு நாலு மணி நேரம் இறங்கி வரவேண்டும். உருளைக்கிழங்கு போடுவார்கள். ஏஜென்ட் வந்து, பெரிய கடை வளாகத்தில் காவலாளி வேலை, உள்ளே எலும்பு உறையும் குளிர், கம்பளிச் சட்டை எடுத்துக்கொள் என்றிருக்கிறான். மனைவி பழுப்பு நிறத்தில் ஒரு கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்தாள். இங்கே இறங்கியதும் அவனைச் சாரம் கட்டும் வேலையில் போட்டார்கள். மலைக்காரன், உயரம் பயமில்லை. ஐம்பது டிகிரி வெயிலில், நாற்பதாவது மாடிக்கு வெளியே, இரும்புக் குழாயின்மேல் ஒன்பது கோடை. கம்பளிச் சட்டை தலையணையாயிற்று.

ஒன்பது வருடத்தில் ஒரே ஒருமுறை ஊருக்குப் போய்வந்தான். அதன் பலனாக ஜுனு என்று ஒரு மகள், இப்போது ஆறு வயது, போனில் மட்டுமே அப்பாவைத் தெரிந்தவள். விமானத்தில் முதலில் வந்தது, பிறகு போனது, திரும்பியது, மூன்று தடவையும் அவனுக்குக் கிடைத்தது நடுச் சீட்டு. இதில் அவனுக்குத் தீராத மனக்குறை.

"மலை தெரியுமாம்ணே ஜன்னல்ல. எங்க மலை. பக்கத்துச் சீட்டுக்காரன் பாத்துட்டு 'ஆகா'ங்கிறான். நான் அவன் காதைத்தான் பாத்தேன்."

நான்கு வருடத்துக்கு முன் கோடையில் அவன் கால் வீங்க ஆரம்பித்தது. கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழே அழுத்துவான். குழி விழும். அப்படியே நிற்கும்.

"ஏ வாங்கடா, ஹர்க்கா கிணறு வெட்டுறான்" என்பான் மொத்தாலிப். "தண்ணி வருதாடா?"

"உள்ள நிறைய இருக்கு. வெளியதான் வரமாட்டேங்குது" என்பான் ஹர்க்கா. அறை முழுக்கச் சிரிக்கும். அவன் சொன்னது மருத்துவ உண்மை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. கேம்ப் கிளினிக்கில் பனடால் என்ற காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள். எங்கள் கிளினிக்கில் தலைவலிக்குப் பனடால், பல்வலிக்குப் பனடால், பாம்பு கடித்தால் இரண்டு பனடால். ஹர்க்கா ஒரு அளவு பெரிய செருப்பு வாங்கிக்கொண்டான். மறுவருடம் இன்னொரு அளவு.

போன ஜூலையில் சாரத்தின் அடியில் மயங்கி விழுந்தான். நல்லவேளை, ஏறுவதற்கு முன்னால். நான்தான் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். திருவல்லாப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னை ஓரமாக அழைத்தாள்.

"கிரியாட்டினின் எட்டு. ரெண்டு கிட்னியும் வத்திப்போச்சு. வெயில்ல தண்ணி இல்லாம வேலை பாத்தவங்க நிறைய பேர் இப்படித்தான் வர்றாங்க. வாரம் மூணு தடவை மெஷின்ல போடணும். எந்தக் கேம்ப்?"

"காகிதத்துல ரெண்டாம் கேம்ப்."

"அப்ப வடக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். இங்க கார்டு போட மாட்டாங்க." ஹர்க்காவை ஒருமுறை பார்த்தாள். "இல்லன்னா ஊருக்கு அனுப்பிடுங்க. சீட்ல உட்கார்ந்து போற நிலைமையில இருக்கும்போதே அனுப்பிடுங்க. பெட்டியில போறதுன்னா எப்ப வேணாலும் போகலாம்."

வடக்கு ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி பஸ் இரண்டாம் கேம்பிலிருந்து மட்டும்தான் போகும். அந்த வசதியை ஒட்டகங்கள் பயன்படுத்தவில்லை.

அன்றிலிருந்து ஹர்க்காவுக்கு ஒரே எண்ணம். தசைன் பண்டிகைக்குள் ஊர் போய்விட வேண்டும். தன் கையால் ஜுனுவின் நெற்றியில் அரிசித் திலகம் வைக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து போக வேண்டும். அதுவும் ஜன்னல் சீட்டு.

விடுமுறைக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் பணியாளர் மேலாளர் சேத்தி சார். அவர் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருக்க அவருக்கு நேரமும் இல்லை. "கட்டடம் ஒப்படைக்கிற வரைக்கும் லீவு லிஸ்ட் மூடியாச்சு" என்றார். ஆகஸ்டு கடைசியில் அவரே கூப்பிட்டு அனுப்பினார்.

"நைனா, நல்லா சிரிக்கிற ஒரு ஆள் வேணும். பல்லு முழுசா இருக்கணும். ரொம்பப் பேசக் கூடாது."

விஷயம் இதுதான். நகரத்தின் பெரிய பள்ளிக்கூடம் ஒன்று பட்டிமன்றம் நடத்துகிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளின் அப்பாக்கள்தான் பாதிக் கட்டடங்களுக்குச் சொந்தக்காரர்கள். 'வளைகுடா நகரங்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்களை நல்லபடி நடத்துகின்றன' என்று இந்த அவை கருதுகிறதா இல்லையா என்பது தலைப்பு. ஓட்டல் ஒன்றில் கூட்டம். எங்கள் கம்பெனி இருபது தொழிலாளிகளை அனுப்பி வைக்கும். அவர்களில் ஒருவன் மேடையில் உட்கார்ந்து, இரு தரப்பும் பேசி முடித்ததும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வரிசையில் நிறுத்திய ஆட்களைச் சேத்தி சார் பார்த்துக்கொண்டே வந்து ஹர்க்காவிடம் நின்றார். வீக்கம் அப்போது முகத்துக்கு ஏறியிருந்தது. கன்னம் இரண்டும் புஷ்டியாக மின்னின.

"இவன்தான். பாரு, எப்படிச் செழிப்பா இருக்கான்! பாக்கறவங்களுக்கே சாப்பாடு நல்லா போடறோம்னு தெரியும்."

"சார், அது உடம்பு சரியில்லாம..." என்று நான் இழுத்தேன்.

"சரியில்லாமலே இப்படி இருக்கான்னா!" என்றார் சேத்தி சார்.

ஹர்க்கா அப்போதுதான் வாயைத் திறந்தான். "பேசறேன் சார். ஊருக்குப் போகணும். அது முடிஞ்சதும் அனுப்பிடுங்க."

சேத்தி சார் யோசிக்கவே இல்லை. திங்கட்கிழமை பட்டிமன்றம், வியாழக்கிழமை விமானம் என்றார். ஜன்னல் சீட்டு என்றான் ஹர்க்கா. அதற்கும் தலையாட்டினார். மறுநாளே டிக்கெட் வந்துவிட்டது. 23ஏ. அந்தக் காகிதத்தை அவன் கம்பளிச் சட்டைக்குள் மடித்து வைத்துத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டான்.

ஒத்திகை நடந்தது. மூன்று வாக்கியம். அறைக்கு ஆறு பேர். சாப்பாடு சூடாக இருக்கும். கம்பெனி குடும்பம் மாதிரி.

"எந்த ஆறு பேர் சார்?" என்று கேட்டான் ஹர்க்கா, உண்மையாகவே.

"நீ எண்ண வேண்டாம், சொன்னாப் போதும்."

திங்கட்கிழமை காலை கான் சாபின் பஸ்ஸில் ஓட்டலுக்குப் போனோம். அந்த ஓட்டலுக்குச் சாரம் கட்டியவர்களில் ஹர்க்காவும் ஒருவன். முப்பத்தெட்டாவது மாடி வரை ஒவ்வொரு ஜன்னலையும் வெளியிலிருந்து அறிவான். உள்ளே வந்தது அன்றுதான் முதல் தடவை. மண்டபத்தில் கால் வைத்ததும் நடுங்கினான். குளிர். ஏஜென்ட் சொன்ன குளிர் இதுதான் போலும். கம்பளிச் சட்டையைக் கேம்பிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

விவாதம் ஆரம்பிக்குமுன் நாணயம் சுண்டினார்கள். யார் எந்தக் கட்சி என்று அதை வைத்துத்தான் முடிவாகும். லமீஸ் என்ற பதினேழு வயதுப் பெண் ஓர் அணிக்குத் தலைவி. பூ கேட்டாள், தலை விழுந்தது. ஆகவே நாங்கள் கொடுமைப்படுத்தப்படுகிறோம் என்று வாதாட வேண்டியதாயிற்று. பூ விழுந்திருந்தால் நாங்கள் நலமாக இருப்பதை நிரூபித்திருப்பாள். பிள்ளைகள் பிரமாதமாகப் பேசினார்கள். லமீஸ் பேசும்போது குரல் தழுதழுத்தது. எதிர்த்தரப்புப் பையன் புள்ளிவிவரமாக அடுக்கினான். நடுவர்கள் உச்சரிப்புக்குப் பத்து, உடல்மொழிக்குப் பத்து என்று மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் மற்ற ஆட்கள் பத்தொன்பது பேரும் இஸ்திரி போட்ட சீருடையில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, யார் பேசினாலும் கைதட்டினார்கள்.

கடைசியில் தலைமை வகித்தவர் மேடை ஓரத்து நாற்காலியில் இருந்த ஹர்க்காவின் பக்கம் திரும்பி, "நண்பரே, இப்போது நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தாமதமாக வந்த சிறப்பு விருந்தினர் கதவைத் திறந்துகொண்டு நுழைந்தார். நீல மேலங்கி, கழுத்தில் அட்டை. இன்ஸ்பெக்டர்களின் தலைவர். கதவருகே நின்றிருந்தவன் நான். அடுத்து நடந்ததற்கு எந்தச் சமாதானமும் சொல்லப்போவதில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம். நீல மேலங்கியைக் கண் பார்த்தது, கை பாக்கெட்டுக்குள் போயிற்று. கதவின் பித்தளைக் கைப்பிடியில் சாவிக்கொத்து மூன்று முறை விழுந்தது. டங், டங், டங்.

ஹர்க்கா எழுந்தான். மேசையில் இருந்த தன் பெயர் அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்து, அது இருந்த ஈர வளையத்தைச் சட்டைக் கையால் துடைத்தான். நாற்காலியை மேசைக்கு உள்ளே தள்ளினான். அங்கே ஒருவன் உட்கார்ந்திருந்தான் என்று யாராலும் சொல்ல முடியாதபடி எல்லாம் செய்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினான். இரண்டாம் வரிசையிலிருந்து ஏழு பேர் எழுந்து ஒற்றை வரிசையில் அவன் பின்னால் போனார்கள். அவர்கள் எக்ஸ்ட்ராக்கள். மீதிப் பன்னிரண்டு பேர் சட்டபூர்வமானவர்கள், அசையவில்லை.

பிறகு யாரோ ஒருவர் எழுந்து கைதட்டினார். இன்னொருவர் எழுந்தார். பிறகு மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. லமீஸ் அழுதுகொண்டிருந்தாள். எந்த நடுவராலும் அதற்குமேல் உடல்மொழிக்கு மதிப்பெண் போட முடியவில்லை. அவளுடைய அணி வென்றது. மறுநாள் பத்திரிகையில் 'மௌன வெளிநடப்பு' என்று போட்டிருந்தார்கள்.

வெளிநடப்புச் செய்தவர்கள் நேரே பஸ்ஸில் ஏறி, "கான் சாப், எடுங்க" என்றிருக்கிறார்கள். அவரும் எடுத்துவிட்டார். நான் மிஸ்டு கால் கொடுக்க மறந்துபோனதால் சுற்றுச்சாலையில் மூன்று சுற்று.

மறுநாள் சேத்தி சார் அறையில் விசாரணை.

"யார் சொல்லிக் கொடுத்தா வெளிநடப்பு பண்ணச் சொல்லி?"

"வெளிநடப்புன்னா என்ன சார்?" என்றான் ஹர்க்கா. "நைனா அண்ணன் சாவி தட்டினாரு. போனோம்."

சேத்தி சார் என்னைப் பார்த்தார். நான் தரைவிரிப்பைப் பார்த்தேன். உண்மையை எழுதினால் ஹர்க்கா நிரபராதி. ஆனால் சாவி எதற்கு, பஸ் எதற்கு, இரண்டாம் கேம்ப் எங்கே என்று அடுத்தடுத்து எழுத வேண்டிவரும். கடைசியில் எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் சிறுநீர் வந்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். சிறுநீர் ஒழுங்காகப் போய் நாலு மாதமான ஹர்க்காவும் கையெழுத்துப் போட்டான்.

"சரி சார். வியாழக்கிழமை நான் போகலாமா?"

"எப்படிப்பா? இப்ப அனுப்பினா பழிவாங்கிட்டோம்னு எழுதுவாங்க. கொஞ்ச நாள் ஆறட்டும். டிக்கெட்டை நிறுத்தி வச்சிருக்கேன், கேன்சல் பண்ணல."

வியாழக்கிழமை 23ஏ அவன் இல்லாமல் பறந்தது.

அதற்குள் நல்லவர்களும் வேலையில் இறங்கிவிட்டார்கள். 'ஹர்க்கா புன்னை நாடு கடத்தாதே' என்று லமீஸ் இணையத்தில் ஒரு மனு தொடங்க, நாலு நாளில் பதினோராயிரம் கையெழுத்து. வெள்ளிக்கிழமை கேம்ப் வாசலுக்கு அவளே காரில் வந்தாள், கையில் கேக் பெட்டியோடு. கேம்புக்குள் விட அனுமதி இல்லாததால் ஹர்க்காவை வாசலுக்குக் கூட்டிவந்தேன். பக்கத்தில் சேத்தி சார் அனுப்பிய ஆள் நின்றான். அவள் படபடவென்று பேசினாள். முகம் நல்ல முகம். உண்மையாகவே அவளுக்குத் தூக்கமில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"இந்தப் பாப்பா என்னண்ணே சொல்லுது?"

"உன்னை ஊருக்கு அனுப்ப விடவே மாட்டாங்களாம். பதினோராயிரம் பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்களாம்."

ஹர்க்கா திகைத்துப்போனான். "நான் அவங்களுக்கு என்னண்ணே தப்பு பண்ணேன்?"

பிறகு அவனே தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையை வைத்து, நெஞ்சில் கைவைத்து, ஊருக்குப் போகணும், எனக்கு ஊருக்குப் போகணும் என்று இரண்டு தடவை சொன்னான். லமீஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். என்னையும் பக்கத்தில் நின்றவனையும் எரித்துவிடுவதைப் போலப் பார்த்தாள்.

"மிரட்டித்தானே இப்படிச் சொல்ல வச்சிருக்கீங்க?"

அந்த இடத்தில் நான் பேசியிருக்கலாம். அவன் கிட்னி போனது, நர்ஸ் சொன்னது, திலகம் வைக்க வேண்டியது எல்லாவற்றையும் சொல்ல ஒரு நிமிடம் போதும். பக்கத்தில் நின்றவன் போனைக் கையில் பிடித்திருந்தான். என் பாஸ்போர்ட்டும் அதே அலமாரியில் இருந்தது. கேக்கை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். அன்று மாலைக்குள் கையெழுத்து பதினான்காயிரம் ஆயிற்று.

கேக்கை அறையில் வெட்டினான் மொத்தாலிப். "பெரிய ஆளாயிட்டடா எக்ஸ்ட்ரா. பதினாலாயிரம் பேர் உன்னைப் பிடிச்சு வச்சிருக்காங்க. என்னைப் பிடிச்சு வைக்க ஒரு சேத்தி போதும்."

ஹர்க்கா சிரித்தான். கேக் சாப்பிடவில்லை. வாயில் என்ன வைத்தாலும் இரும்பு நாறுகிறது என்றான்.

பட்டிமன்றத்தால் பலன் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மதியத் தடை முடிய ஒரே ஒரு நாள் பாக்கி இருந்தபோது, மேடையில் பார்த்த அதே நீல மேலங்கிக்காரர், அளவுநாடாவும் இரண்டு உதவியாளர்களுமாகக் கேம்புக்கு வந்தார். மனசாட்சி உறுத்தியிருக்க வேண்டும். வாசலிலிருந்து மணி வந்தது. நான் கைப்பிடியில் மூன்று தட்டினேன்.

பதினான்காம் அறையில் ஹர்க்கா மட்டும் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, இன்னைக்கு நான் இருந்துக்கட்டுமா?"

"எங்கடா இருப்ப?"

"இங்கதான். சும்மா படுத்துக்கறேன். பேச மாட்டேன்."

"ஏழாவது ஆளாயிடுவடா."

கொஞ்சம் யோசித்தான். "ஆமால்ல" என்றான். எழுந்து கட்டிலை மடித்தான். குனிய முடியவில்லை. தரையில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து நான்கு வட்டங்களையும் துடைத்தான். மகள் படத்தை எடுத்துக் கம்பளிச் சட்டைக்குள் வைத்தான். பஸ் படியில் அவனை நான்தான் ஏற்றிவிட்டேன். இந்த ஒன்பது வருடத்தில் அவன் கடைசியாக ஏறியது அன்றுதான்.

இந்த முறை மேலோட்டமாகப் பார்க்கவில்லை. ஒவ்வொரு அறையிலும் நீளம், அகலம், ஒரு கட்டிலுக்கும் மறு கட்டிலுக்கும் இடைவெளி. ஒன்பதாம் அறையில் இருந்தபோது கான் சாபிடமிருந்து போன்.

"நைனா, உன் நேபாளி மூச்சை ஒரு மாதிரி இழுக்குறான். திருப்பிட்டு வரவா?"

"நாலு மீட்டர் இருபது" என்று உதவியாளன் உரக்கச் சொன்னான். மற்றவன் எழுதிக்கொண்டான்.

"இன்னொரு சுத்து, கான் சாப்."

"ஆஸ்பத்திரிக்கு விடட்டுமா?"

"எந்தக் கேம்ப்புன்னு கேப்பாங்க. இன்னொரு சுத்து. அவ்வளவுதான்."

பதினான்காம் அறைக்குள் வந்தார் அதிகாரி. ஆறு கட்டில். ஆறு ஆள். மொத்தாலிப் எழுந்து சலாம் வைத்தான். அதிகாரி தரையைப் பார்த்தார். துடைத்த ஈரம் இன்னும் முழுசாகக் காயவில்லை. "சுத்தமா வச்சிருக்கீங்க" என்று என் தோளில் தட்டினார். அவர் போக இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று. கான் சாப் மறுபடி கூப்பிடவில்லை. பிறகு நான் மிஸ்டு கால் கொடுத்தேன்.

பஸ் பின்கதவுக்கு வந்து நின்றது. எல்லோரும் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றார்கள். மொத்தாலிப் உள்ளே எட்டிப் பார்த்து, "என்னடா எக்ஸ்ட்ரா, இறங்க மனசில்லையா? ஊரு வந்துடுச்சா?" என்றவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

ஹர்க்கா ஜன்னல் ஓரத்தில் இருந்தான். சுருட்டிய கம்பளிச் சட்டையைக் கண்ணாடிக்கும் தலைக்கும் நடுவில் கொடுத்து, வெளியே பார்த்தபடி.

இயற்கை மரணம், இதயம் நின்றது என்று சான்றிதழ் கொடுத்தார்கள். இதயம் நிற்காமல் செத்தவர் யாரும் இல்லையாகையால் இதில் குறை காண இடமில்லை. குடியிருந்தது இரண்டாம் கேம்ப் என்பதால் வடக்குக் காவல் நிலையத்துக்காரர்கள் அவன் படுத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். லாரியில் அவன் மடக்குக் கட்டிலை ஏற்றிக்கொண்டு போய் வேலிக்குள் விரித்து வைத்தோம். ஓர் ஒட்டகம் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. படம் எடுத்துக்கொண்டார்கள்.

பெட்டி போவதற்கு மூன்று வாரம் பிடித்தது. அதற்கும் கையெழுத்துகள் உண்டு. போனது அதே வியாழக்கிழமை விமானம். மேலே 23ஏயில் யார் உட்கார்ந்து போனார்களோ தெரியாது. மலை தெரிந்திருக்கும். பெட்டி கீழே போயிற்று. தசைன் முடிந்து நாலு நாள் கழித்து ஊர் சேர்ந்தது என்று அவன் அண்ணன் போனில் சொன்னான். பஸ் நிற்கும் இடத்திலிருந்து நாலு மணி நேரம் தூக்கிக்கொண்டு ஏறினார்களாம். மனுவை லமீஸ் முடித்துவிட்டாள் என்றும், அவன் நாடு கடத்தப்படவில்லையாகையால் இணையம் அதைத் தானாகவே 'வெற்றி' என்று பதிந்துகொண்டது என்றும் மொத்தாலிப்தான் போனில் காட்டினான். அவன் அதற்குப்பின் அந்த அறையில் யாரையும் எக்ஸ்ட்ரா என்று கூப்பிடவில்லை. புதிதாக வந்தவனைப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறான்.

இந்த வருடமும் பட்டிமன்றம் நடந்தது. தலைப்பு நினைவில்லை, தண்ணீர் பற்றி ஏதோ. ஹர்க்காவைத் தெரிந்தவர் ஒருவர் வரவேண்டும் என்று கேட்டிருந்தார்களாம், சேத்தி சார் என்னை அனுப்பினார். மேடை ஓரத்தில் அதே இடத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, அவன் பெயர் எழுதிய புது அட்டையை மேசையில் வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்திருந்தார்கள். ஒரு நிமிடம் எல்லோரும் எழுந்து நின்றோம். நான் பாக்கெட்டுக்குள் சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கலைந்தபின் ஓட்டல் ஆட்கள் டம்ளரை எடுத்துப் போனார்கள். மேசையில் ஈர வளையம் அப்படியே இருந்தது. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துச் சட்டைக் கையால் அதைத் துடைத்துவிட்டு வந்தேன்.